இரையும் பேணிகளும் என் இரண்டு காதுகளும்

பற்றறியிலிருந்து வருகிற மின்சாரம் ஒரு பக்கம் பார்த்துத்தான் ஓடும். அதைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பித் திருப்பி ஓடவைப்பதுதான் எங்கள் தொழில். றேடியோவுக்குப் பெரிய அழுத்தம் வேண்டும். கார்ப் பற்றறியில் இருப்பதோ சின்ன அழுத்தம். சின்னதைப் பெரிதாக்க றேடியோவுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. ஆனால் மின்சாரம் திசை மாறி மாறி வந்தால்தான் அந்தச் சுருள் வேலை செய்யும். அப்படி மாற்றிக் கொடுக்கிறது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தகரப் பேணி. அதற்குள் ஒரு உருக்குத் தகடு நின்று நடுங்கும். மின்சாரம் தொடுகிற முனையைப் பொயின்ற் என்போம்; இந்தப் பக்கப் பொயின்றை ஒரு தட்டு, அந்தப் பக்கப் பொயின்றை ஒரு தட்டு. வெளியே வைபிரேற்றர் என்று எழுதியிருக்கும். எங்கள் கடையில் அது வெறும் பேணிதான். நல்ல பேணி தேனீ மாதிரி ஒரே சுரத்தில் இரையும். பழுதான பேணி நொண்டும்.

உலக யுத்த காலம். துறைமுகத்துக்குப் போகிற தெருவில், றேடியோ திருத்தி பற்றறி சார்ஜ் பண்ணுகிற எங்கள் கடை. லைற் இல்லாத வீடுகளில் பற்றறியில்தான் றேடியோ பாடியது. புதுப் பேணி கொண்டுவரக் கப்பல் இல்லை, ஆகவே பழசைத்தான் உடைத்துத் திருத்த வேண்டும். பற்றறி அசிட் பட்டுச் சேலை ஓட்டையானவர்கள், "நேற்றுத் திருத்தினது இண்டைக்குப் பாடுதில்லை" என்று வாசலில் நிற்கிறவரைக் கண்டு பின்கதவால் ஓடியவர்கள், இவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது போனது

விமானம் வந்து துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று இவர், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு லொறிக்குப் பற்றறி பூட்டிக் கொடுக்க அந்தப் பக்கம் போயிருந்தார். ஊரே தம்பலகாமம், மூதூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதபடி வாசலில் நின்றேன். மத்தியானம் இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நடந்து வந்தார். கடவுளே என்று நான் கத்தியதற்கு, "ஏன் வாயை மட்டும் அசைக்கிறீர்?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. மருந்து விட்டோம், நாட்டு வைத்தியம் பார்த்தோம். காதுக்குக் கிட்டப் போய்த் தொண்டை கிழியக் கத்தினால் ஏதோ கேட்கும். அவ்வளவுதான்.

இந்தத் தொழில் முழுக்கக் காதிலே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பொயின்றை அரத்தால் உரஞ்சலாம், திருகாணியைத் திருப்பலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தட்டுகிறதா என்று சொல்லக் காதுதான் வேண்டும். இவர் சரி என்று கொடுத்த பேணிகள் எல்லாம் மாட்டு வண்டி மாதிரிக் கடகடத்தபடி திரும்பி வந்தன. யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருக்கிற மூத்த மச்சான், அதாவது இவருடைய அண்ணன், தம்பியைப் பார்க்க வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். தைப்பொங்கலுக்கு வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அறை ஒன்று ஒழித்து வைத்திருக்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் இவர் சொந்தக் கையால் உண்டாக்கிய கடையை விட்டுவிட்டு அண்ணனுக்குச் சுருட்டுச் சுற்றுவதையும், நான் இன்னொருத்தியின் குசினியில் உப்புக் கேட்டு நிற்பதையும் நினைக்கவே எனக்கு ஏலவில்லை. வரமாட்டோம், கடை பொங்கலுக்குள் தன் காலில் நிற்கும் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "பிள்ளை, சுருட்டுச் சுத்துறதுக்குக் காது தேவையில்லை."

கிள்ளும் பக்கம்

அடுத்த நாளே இவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்கள் உரஞ்சுங்கோ, நான் கேக்கிறன்" என்று காதுக்குள் கத்தினேன். எனக்குச் சின்ன வயது முதல் ஒரு குணம்: பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினாலும் நித்திரை வராது. இவர் இருபது வருசமாகப் பழித்த குணம் அது. இப்போது அதுதான் கடைக்கு முதலீடு.

ஆனால் ஒவ்வொரு திருகுக்கும் கத்த என்னால் ஏலாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். தகடு இடப்பக்கம் அழுத்தித் தட்டினால் இவருடைய இடது தோளைத் தட்டுவேன். வலப்பக்கமென்றால் வலது தோள். சரியாக வந்தால் முதுகில் ஒரு தடவு. இவர் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிடுவார். பொறுமை இல்லாத எனக்குத் தட்டு கிள்ளாகிவிடும். ஒருநாள் சல்லியிலிருந்து, சொந்த வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் தன் றேடியோவோடு வந்து கதிரையில் இருந்தார். நான் இடது பக்கம் கிள்ளுகிறேன், வலது பக்கம் கிள்ளுகிறேன், "ஐயோ, கூடிப்போச்சு" என்று தலையில் அடிக்கிறேன், பிறகு முதுகைத் தடவுகிறேன். மனிதர் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேணி தேனீயாக இரையத் தொடங்கியதும் மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, பழுது என்ரை றேடியோவிலயோ, உங்கட ஐயாவிலயோ?"

மாப்பிள்ளை பாய்ந்த வாய்க்கால்

பேணிகளில் இரண்டு சாதி. ஒன்று மின்சாரத்தை ஆட்டிக் கொடுப்பதோடு சரி. மற்றது ஆட்டியதைத் தானே திரும்பவும் நேராக்கியும் கொடுக்கும். இந்த இரண்டாவது சாதிக்குப் பற்றறியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறது என்பது முக்கியம். சில வண்டிக்குக் கூட்டல் முனை உடம்பில், சில வண்டிக்குக் கழித்தல் முனை. மாறிப் பூட்டினால் றேடியோவுக்குள் இருக்கிற மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற பெரிய கொண்டென்சர் கொதித்து வெடிக்கும். பேணியைக் கழற்றி அரைவட்டம் திருப்பிச் செருகினால் போதும், எல்லாம் சரி. ஆனால் அதை ஞாபகம் வைக்க வேண்டுமே!

வாடகைக் கார் ஓட்டுகிற பொன்னையா ஒரு காரிலிருந்த றேடியோவை மற்றக் காருக்குத் தானே மாற்றிப் பூட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் கல்யாணச் சவாரி போனான். மாப்பிள்ளையும் பொம்பிளையும் பின் சீற்றில். நாதஸ்வரம் கேட்கட்டும் என்று றேடியோவைப் போட்டிருக்கிறான். பேணி இரைந்தது, பிறகு 'டமார்' என்றது. குண்டு விழுந்த ஊர் அல்லவா? சத்தம் கேட்டால் வாய்க்காலுக்குள் குப்புறப் படு என்றுதான் எங்கள் எல்லாரையும் பழக்கியிருந்தார்கள். பொன்னையா ஒரு வாய்க்காலில், மாப்பிள்ளை தலைப்பாகையோடு மற்ற வாய்க்காலில். பட்டுச் சேலையில் வெடித்த கொண்டென்சரின் வெள்ளைப் பசை தெறித்தபடி பொம்பிளை மட்டும் காருக்குள்.

இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். பொன்னையா தலையைச் சொறிந்தான். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் கடையை விட்டுப் போகிற பேணி ஒவ்வொன்றிலும், அது நிற்கிற குழியிலும் சிவப்புப் பொட்டு வைத்து, பொட்டும் பொட்டும் சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். கல்யாணப் பொம்பிளை நாங்கள் பொட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னாள்: "றேடியோவைத் திருத்திப் போடுவியள் அக்கா, இவர் என்னை விட்டிட்டுப் பாய்ஞ்சதை என்னண்டு திருத்துவியள்?"

எண்ணெய்

கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அந்தோனி அண்ணர், சனம் செய்தி கேட்க வரும், வந்தால் தேத்தண்ணி குடிக்கும் என்று றேடியோ வாங்கியவர். பேணி இரைகிற சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. இரையாத பேணி செத்த பேணி என்று நான் எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. ஒருநாள் பேணியின் அடியைக் கத்தியால் நெம்பி, வண்டிச் சில்லுக்கு விடுகிற மாதிரி உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். கடைக்கு வந்த பேணியில் வடை வாசம். பொயின்ற் கருகி, உள்ளே மெத்தையாக வைத்திருந்த ரப்பர் ஊதிப் பிட்டு மாதிரி உதிர்ந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: "சொன்னாப்போல இரைச்சல் நிண்டிட்டுது பிள்ளை, கூடவே செய்தியும் நிண்டிட்டுது."

வாயால் அடித்த ஹோர்ன்

உரஞ்சி உரஞ்சிப் பொயின்ற் ஒன்றுமில்லாமல் தேய்ந்தால் என்ன செய்வது? பித்தளை வைத்துப் பார்த்தோம், வெள்ளி மோதிரம் ஒன்றை வெட்டி வைத்துப் பார்த்தோம். மோதிரம் என்னுடையது. நாலு நாள் கூட நிற்கவில்லை. பிறகு இவர்தான் யோசித்தார்: மோட்டார் ஹோர்னுக்குள்ளும் இதே மாதிரித் தட்டுகிற பொயின்ற் இருக்கிறது, நல்ல கெட்டி உலோகம். ஆனால் பற்றவைக்கிற ஈயம் அதில் பிடிக்காது. ஆகவே அது ஒட்டியிருக்கிற தகட்டோடு வெட்டி, ஊசி முனை அளவு ஆணி அடித்துப் பொருத்த வேண்டும். அந்த வேலைக்கு இவர் கை போல் ஒரு கையை நான் கண்டதில்லை. காது கேளாதது அந்த நேரம் நன்மை. நான் என்ன சொல்லி நச்சரித்தாலும் கை நடுங்காது.

ஊரில் இருந்த பழைய ஹோர்ன் எல்லாம் எங்கள் கடைக்கு வந்தன. பற்றறி சார்ஜ் பண்ணித் தருகிறோம், ஹோர்னைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். வெட்கப்படவில்லை. பொங்கல் கிட்டக் கிட்ட எனக்கு வெட்கம் குறைந்துகொண்டு வந்தது. மூதூர்ப் பக்கம் பஸ் ஓட்டுகிற யோகன் கொஞ்சம் விறைத்துத்தான் கழற்றித் தந்தான். அடுத்த கிழமை, தெருவில் மாடு நின்றால் அவன் ஜன்னலால் தலையை நீட்டி "பாம்! பாம்!" என்று கத்திக்கொண்டு போகிறதைக் கண்டேன். எங்கள் கடைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி, உள்ளே இருந்த சனம் எல்லாம் கேட்கச் சொன்னான்: "எண்ட ஹோர்ன் ஆர்வீட்டிலயோ பாட்டுப் பாடுது அக்கா, நான் இஞ்ச மாட்டோட கத்திறன்!"

அரிசி லொறி

மார்கழியில் அசிட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. பெர்மிட் இல்லாதவனுக்கு ஒரு போத்தல் கூடக் கிடையாது. அசிட் இல்லாமல் பற்றறி இல்லை, பற்றறி இல்லாமல் எங்கள் கடை இல்லை. பெர்மிட் கொடுக்கிற உத்தியோகத்தர் கடைக்கு வந்து பார்த்தார். இவரிடம் ஏதோ கேட்டார். இவர் வேறு ஏதோ பதில் சொன்னார். உத்தியோகத்தரின் முகம் மாறியதைக் கண்டதும் நான் முந்திக்கொண்டு, "ஐயா, எந்தப் பேணியெண்டாலும் தாங்கோ, திருத்திக் காட்டுறம்" என்றேன். அவர் யோசித்துவிட்டு அரிசி லொறியை அனுப்பினார்.

அந்த லொறியில் ஒரு ஒலிபெருக்கி. எந்தப் பகுதிக்கு எந்த நாள் கூப்பன் அரிசி என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். அதுவும் லொறிப் பற்றறியில்தான், ஒரு பெரிய பேணி வழியாக. அது ஊமையாகிச் சனம் பிழையான நாளில் வரிசையில் நின்று அரிசி வாங்கக் கொண்டுவந்த வெறும் உமலோடு திரும்பிக்கொண்டிருந்தது. லொறி பேசினால் பெர்மிட், பேசாவிட்டால் இல்லை. இதுதான் கதை. நாங்கள் பொயின்ற் மாற்றி, கிள்ளித் தடவி, தேனீயாக இரையவைத்து அனுப்பினோம். மறுநாள் கருகிய பேணியோடு திரும்பி வந்தது. திரும்பவும் செய்தோம், திரும்பவும் கருகியது. உங்கள் உரஞ்சல் சரியில்லை என்று நான் சொன்னேன், உம்முடைய காதில்தான் பிழை என்று இவர் சொன்னார். காலமை முதல் சோறு ஆக்காமல் சண்டை பிடித்தோம். லொறியின் சாரதி செல்லத்துரை ஒவ்வொரு தரமும் படியில் கால் வைத்தபடி, ஒரு எழுத்து மாறாமல் ஒன்றையே கேட்பான்: "என்ன மாமி, இண்டைக்கும் நான்தான் தொண்டையால சொல்லோணுமோ?"

பட்டப்பகலில் இருட்டு

சண்டை பிடித்த அன்று நான், லொறியிலிருந்து இறக்கிய ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே பேணியை மூடாமல், தகடு வெளியே தெரிய ஓடவிட்டுக் காதை ஒட்டி வைத்தேன். சுரம் நேராக இருந்தது, நொண்டவில்லை. ஆனால் அந்தச் சுரத்துக்கு அடியில், தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சீறல். முந்தியும் கேட்டதுதான், பெரிய பேணி இப்படித்தான் சீறும் போலிருக்கு என்று விட்டிருந்தேன். இப்போது பொயின்ற் புத்தம் புதுசு, இரண்டு பக்கமும் ஒரே அளவு, பிறகும் சீறுகிறது. "சீறுது" என்று கத்தினேன். "என்ன சிரிக்கிறீர்?" என்றார். கையைக் காட்டினேன், உதட்டைக் காட்டினேன், விளங்கவில்லை. அழுகை வந்தது. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். மூத்த மச்சானும் வந்துவிட்டார். பெட்டி கட்டுவதற்கு ஒரு கட்டுக் கயிறு வேறு கொண்டுவந்து, கடைக் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்கத்தானே ஏலாது, பார்க்க ஏலுமே என்று எனக்குப் பட்டது. விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் ஜன்னலுக்குப் போடுகிற கறுப்புத் துணி இருந்தது. பட்டப்பகலில் அதை ஜன்னலுக்கும் கதவுக்கும் இழுத்து மூடினேன். கடை குகையானது. "உங்களுக்கென்ன விசரே பிள்ளை?" என்று மச்சான் இருட்டுக்குள்ளிருந்து கேட்டார். நான் இவருடைய தலையைப் பிடித்துப் பேணிக்கு நேராகத் திருப்பினேன். தகடு ஒவ்வொரு தட்டுக்கும் நீலமாய் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. இவர் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, சுருளுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கொண்டென்சரில் என் விரலை வைத்தார். தகடு திசை மாற்றுகிற நேரம் சுருள் திருப்பி உதைக்கிற உதையை விழுங்க வேண்டியது அது. அது செத்திருந்தால் உதை முழுதும் பொயின்றில் விழும். தங்கத்தால் செய்தாலும் கருகும். முந்தியென்றால் சீறல் காதில் பட்டவுடனே இவர் அதைத்தான் முதலில் கழற்றியிருப்பார். கறுப்புத் துணியை நான் இழுத்துத் திறந்தபோது இவருடைய கண் கலங்கியிருந்தது. அப்போது என்னிடம் சொன்னது இதுதான்: "இஞ்சேரும், உம்மடை காதிலை பிழையில்லை. என்ரை உரஞ்சலிலையும் பிழையில்லை. அநியாயமாச் சோறு இல்லாமல் கிடந்திட்டம்."

கூப்பன்

கொண்டென்சர் பட்டினத்தில் எங்கும் இல்லை. அதே அளவு, அதே தாங்கும் சக்தி உள்ளது ஒன்றே ஒன்று இருந்தது: எங்கள் வீட்டு றேடியோவுக்குள். பின்னேரத்தில் நான் குந்தியிருந்து பாட்டுக் கேட்கிற ஒரே ஆறுதல். இவர் என் முகத்தைப் பார்த்தார். நானே திருகாணியைக் கழற்றி அதை எடுத்துக் கொடுத்தேன்; எங்கள் றேடியோ ஊமையானது. பிறகு குசினிக்குள் போய், யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டம் முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

லொறி போனது. மறுநாள் வரவில்லை. பழுதாகி எங்கேயோ நிற்கிறதோ, வேறு கடைக்குக் கொண்டுபோனார்களோ என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். அதற்கடுத்த நாள் காலமை லிங்கநகர்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தெளிவாக, கரகரப்பில்லாமல், வரவரக் கிட்டவந்தது. லொறி எங்கள் கடை வாசலில் நின்றது. உத்தியோகத்தர் முன் சீற்றிலிருந்து இறங்கி, பெர்மிட் கடதாசியை இவர் கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். செல்லத்துரை தன் தொண்டையைத் தடவிக் காட்டிச் சிரித்தான். மூத்த மச்சான் எழும்பி வந்து கடதாசியை வாங்கி, முழுக்க வாசித்து, திருப்பித் தந்தார். பிறகு அந்தக் கயிற்றுக் கட்டைத் தன் பையின் அடியில் வைத்தார்.

இவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கியின் வாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க லொறிமேல் ஏறி, அதன் பக்கத்திலே காதை வைத்தபடி நின்றார். நாங்கள் தடுக்க முதல் அது முழுச் சத்தத்தில் அடுத்த அறிவித்தலைச் சொன்னது. நாங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். இவர் பொத்தவில்லை. அசையாமல் நின்றார். குண்டு போட்ட நாளுக்குப் பிறகு முதல் தரம், என் வாயைப் பார்க்காமல், நான் காதுக்குள் கத்தாமல், யாரும் தோளைத் தட்டாமல், ஒரு சொல் இவருக்குள் போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இவர் மேலே நின்றபடி, தெரு முழுக்கக் கேட்க என்னைப் பார்த்துக் கத்தினார்: "இஞ்சேரும், நாளைக்கு அரிசியாம்! கூப்பனை எங்க வைச்சனீர்?"

ஊரிலுள்ள றேடியோக்களையெல்லாம் பேசவைத்த எங்கள் வீட்டில், யுத்தம் முடியுமட்டும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.